உயரத்தை மட்டும் அளந்தால் போதாது

ஓடையை மறித்துத் தன் நிலத்தில் கரை எழுப்புகிறவரைக் கேட்டால், பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் கிடைக்கும் பதில் இதுதான்: “சின்ன அணைங்க. என் இடம், என் காசு. சட்டமெல்லாம் பெரிய அணைக்குத்தான்.” படித்தவர்களும் இதை ஒப்புக்கொள்கிறார்கள். அந்தப் பதிலில் உள்ள ஒவ்வொரு துண்டும் தவறு என்பது என் கருத்து.

முதலில் “சின்னது”. கென்யாவின் சோலாய் பகுதியில் ஒரு தனியார் பண்ணையின் அணை 2018 மே 9 அன்று இரவு உடைந்தது. பண்ணைக்காகத் தேக்கிய நீர்தான் அது. கீழே குடியிருந்தவர்களில் 48 பேர் இறந்தார்கள். அணைக்கு உரிய அனுமதி இல்லை என்று அந்நாட்டு நீர்வள அதிகாரிகள் பிறகு சொன்னார்கள். வேல்ஸில் 1925 நவம்பர் 2 அன்று ஓர் அலுமினிய நிறுவனத்தின் அணையில் அடித்தளம் அரித்துக்கொண்டு போனது. பாய்ந்த வெள்ளம் கீழே இருந்த இன்னொரு சிறிய அணையின் மேல் ஏறி அதையும் உடைத்தது. டோல்கராக் என்ற ஊரில் 16 பேர் இறந்தார்கள்.

நாம் அஞ்ச வேண்டியது இந்த இரண்டாவது உடைப்புக்குத்தான். நம் ஏரிகள் சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல் ஏரியின் கலிங்கில் வழிவது கீழ் ஏரிக்கு வரத்து. பச்சைமலைச் சரிவிலிருந்து மருதையாறு வழியாகக் கொள்ளிடம் வரை நிலம் இறங்கிக்கொண்டே போகிறது. மேட்டில் ஒருவர் போட்ட கரை நள்ளிரவில் உடைந்தால், ஏற்கெனவே நிரம்பி நிற்கும் கீழ் ஏரி அந்தத் தண்ணீரை எங்கே வைத்துக்கொள்ளும்?

“ராஜேந்திர சோழன் சோழகங்கம் வெட்டிய மண், கரை கட்ட நமக்கா சொல்லித்தர வேண்டும்?” என்றும் கேட்கிறார்கள். பெருமை நியாயமானதே. ஆனால் அந்தக் காலத்துக் கரைகள் பராமரிக்க ஆள் வைத்துத்தான் நின்றன. ஏரி வாரியத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையை உத்திரமேரூர்க் கல்வெட்டே சொல்கிறது. இன்றைய தனிக்கரைக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

இங்கே பல இடங்களில் கிடைப்பது கரிசல் மண். ஈரத்தில் உப்பி, சித்திரை வெயிலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதை அப்படியே கொட்டி, தண்ணீர் தெளித்து இறுக்காமல், மேலே டிராக்டர் ஓட்டிவிட்டால் கரையாகிவிடாது. வெடிப்பு, நண்டு வளை, செத்த சீமைக்கருவேல வேர் விட்ட ஓட்டை எல்லாமே தண்ணீருக்கு வழி. கரையின் வெளிப்பக்க அடியில் கசிவு தெளிவாக வந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கி வந்தால், உள்ளிருந்து மண் கரைந்து வெளியேறுகிறது என்று பொருள். பிறகு அதிக நேரம் இருக்காது. இன்னும் ஓர் அடி நீர் நிற்கட்டும் என்று கலிங்கின் மேல் மணல் மூட்டை அடுக்குவது அதைவிடக் கொடுமை. வெள்ளம் போக வைத்த வழியை அடைத்தால் அது கரையின் மேலேயே ஏறும். மண் கரை அதைத் தாங்காது.

அடுத்தது, “சட்டம்தான் வந்துவிட்டதே” என்று சிலர் கொள்ளும் ஆறுதல். 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் நல்ல சட்டம். உரிமையாளர் அரசா தனியாரா என்று அது பார்ப்பதில்லை. மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்யச் சொல்கிறது. ஆனால் அதன் பிடி 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கு. 10 முதல் 15 மீட்டர் வரை என்றால், கரை நீளம் 500 மீட்டர் அல்லது கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டர் என்பது போன்ற நிபந்தனை ஏதாவது ஒன்று பொருந்த வேண்டும். பச்சைமலைக்கும் செம்மலைக்கும் நடுவே கல்லாற்றில் அரசு கட்டிய விசுவக்குடி அணையே சுமார் 33 அடிதான். அந்த 10 மீட்டர் எல்லைக்கோட்டை ஒட்டி நிற்கிறது. 9 மீட்டர் கரை ஒன்று 90 கோடி லிட்டர் தேக்கினாலும், அதன் காலடியில் ஒரு காலனியே இருந்தாலும், இந்தச் சட்டத்தின் கண்ணில் படாது.

“என் இடம்” என்ற வாதத்துக்கு வருவோம். பட்டா நிலத்தின் நடுவே ஓடினாலும் ஓடை பெரும்பாலும் புறம்போக்கு. மறிக்க உரிமை கிடையாது. உடைந்தால் பொறுப்பு யாருக்கு என்பதை இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1868இலேயே சொல்லிவிட்டது. ரைலண்ட்ஸ் என்ற ஆலை முதலாளி தன் ஆலைக்காகக் கட்டிய நீர்த்தேக்கத்தின் தண்ணீர், பழைய சுரங்கக் குழிகள் வழியாகப் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் புகுந்தது. அவர் கவனக்குறைவாக இல்லாவிட்டாலும் நட்டம் அவருடையதே என்பது தீர்ப்பு. சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் நிறைந்த அரியலூர் இதை மறக்கக் கூடாது.

விவரம் தெரிந்தவர்கள் எதிர்வழக்கு ஒன்றைக் காட்டுவார்கள். கார்வேட்டிநகர் ஜமீன் ஏரிகள் உடைந்து மெட்ராஸ் ரயில்வேக்குச் சேதம் வந்தபோது, 1874இல் பிரிவி கவுன்சில் ஜமீன்தாரை விடுவித்தது. ஏன் விடுவித்தது என்று படித்துப் பாருங்கள். அவை குடிகளின் பாசனத்துக்கான பழைய ஏரிகள், அவற்றைப் பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை, தூர்க்க அவருக்கு அதிகாரம் இல்லை, கவனக்குறைவும் நிரூபிக்கப்படவில்லை. தன் தோப்புக்காக நேற்று கரை போட்டவர் இந்தத் தீர்ப்பின் நிழலில் ஒதுங்க முடியாது.

“அப்படியானால் விவசாயி பண்ணைக்குட்டைகூட வெட்ட முடியாதே” என்ற கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் தரைக்குக் கீழே தோண்டிய குட்டை உடைந்து ஊருக்குள் பாயாது. டோல்கராக்குக்குப் பிறகு 1930இல் பிரிட்டன் நீர்த்தேக்கச் சட்டம் கொண்டுவந்தது. அதன் வழியில் வந்த 1975ஆம் ஆண்டுச் சட்டம், இயற்கையான தரைமட்டத்துக்கு மேலே எத்தனை கன மீட்டர் நிற்கிறது என்றுதான் கேட்டது, வரம்பு 25,000. குட்டைக்காரர் தப்பிவிடுவார், கரைக்காரர் தப்ப மாட்டார். நமக்கும் இந்த அளவுகோலே பொருத்தம். அதோடு கீழே எத்தனை வீடுகள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரே மாவட்ட ஆணையத்தின் தலைவர். ஆபத்தான இடங்களைக் கண்டறிவது அந்த ஆணையத்தின் வேலை. கிராம நிர்வாக அலுவலர்கள் தங்கள் ஊரில் தனியார் கரைகள் எத்தனை என்று எழுதித் தரட்டும். நீர்வளத்துறைப் பொறியாளர் புரட்டாசிக்குள் ஒவ்வொன்றையும் நடந்து பார்க்கட்டும். கலிங்கு இல்லாத கரையில் ஐப்பசி மழைக்கு முன்பே வடிகால் வெட்டிவிட வேண்டும், உரிமையாளர் செலவில்.