டப்பாவில் ஒரு கரண்டி கூட

நான் மும்பைக்கு வந்தது 2004-ல். டோம்பிவிலியில் வீடு, அந்தேரியில் ஆபீஸ். இந்தி சுத்தமாகத் தெரியாது. நல்லவேளை, ஆபீஸில் என்னோடு சேர்த்து நாலு தமிழர்கள். மதியம் ஒரு மணிக்கு ஓரத்து மேசையில் நாங்கள் டப்பாவைத் திறந்தால் அது தனி மாநிலம். சாம்பார் சாதம், ஊர்க்கதை, சினிமா. மற்றவர்கள் "மதராசி டேபிள்" என்பார்கள். அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை வேறு!

ஒரே வருஷத்தில் மற்ற மூன்று பேரும் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். நான் தயிர் சாதத்தோடு என் சீட்டிலேயே, கம்ப்யூட்டரைப் பார்த்தபடி சாப்பிட ஆரம்பித்தேன். ஒரு மாதம் போயிருக்கும். அக்கவுண்ட்ஸில் இருந்த மராத்திக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று "ஜேவ்லாஸ் கா?" என்றார். "சாப்பிட்டாச்சா?" என்று அர்த்தமாம். நம்ம ஊரில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்கிற அதே கேள்வி! பதிலுக்குக் காத்திருக்காமல் என் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தார். டப்பா போன பிறகு நான் மட்டும் உட்கார்ந்து என்ன செய்ய? பின்னாலேயே போனேன்.

அங்கே ஏழு பேர். மட்கி உசல், பாகரி, பச்சை மிளகாய் தேச்சா, குஜராத்திப் பெண்மணியின் தேப்லா. அவரவர் வீட்டுச் சாப்பாடு அவரவருக்கு வேண்டும் என்பதற்காக, 1890-லேயே டப்பாவாலாக்கள் தொழிலைத் தொடங்கிய ஊர் இது. அப்படி வந்த டப்பாக்களை நடுவில் வைத்துக் கலந்துவிட்டார்கள் இவர்கள். என் பங்குக்கு இரண்டு மோர் மிளகாய். அதை எட்டாகக் கிள்ளித் தின்றோம். விஷயத்தைக் கேட்ட தங்கமணி, மறுநாள் ஒரு சின்ன டப்பா நிறைய வறுத்துக் கொடுத்தார்.

என் இந்தி வளர்ந்தது அந்த மேசையில்தான். 2009-ல் திருநெல்வேலியில் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று ராத்திரி போன் வந்தது. நான் கேட்காமலே ஏர்போர்ட்டுக்கு வந்து கையில் பணத்தைத் திணித்தவர்கள் அந்த மேசைக்காரர்கள். கம்பெனி வருஷா வருஷம் ஸ்டார் ஹோட்டலில் டீம் லஞ்ச் கொடுக்கும். அங்கே இப்படி ஒரு சிநேகிதம் எனக்குக் கிடைத்ததே இல்லை. பஃபேயில் எல்லோரும் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள். டப்பா மேசையில் ஆளுக்கு ஒரு கரண்டியாவது கொடுத்தாக வேண்டும். அங்கேதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் தீயணைப்பு வீரர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2015-ல் வெளிவந்தது. சேர்ந்து சாப்பிடுகிற குழுக்கள் வேலையிலும் நன்றாக இருப்பதாக அவர்களுடைய மேலதிகாரிகளே சொல்லியிருந்தார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

இத்தோடு முடித்தால் நான் ரொம்ப நல்லவன் மாதிரி இருக்கும். அதனால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

2011-ல் ஒரு பெங்காலிப் பையன் புதிதாகச் சேர்ந்தான். கொண்டு வருவது மீன் குழம்பு. மைக்ரோவேவில் சூடு பண்ணினால் வாசம் ஹால் வரைக்கும் வரும். சிலர் முகம் சுளித்தார்கள். ஒருநாள் பேன்ட்ரி கதவில் "அசைவம் கூடாது" என்று காகிதம் ஒட்டியிருந்தது. நான் சைவம். எனக்கும் அந்த வாசம் ஒத்துக்கொள்ளாது. அதனால் வாயைத் திறக்கவில்லை. பையன் மாடிப்படியில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டான். ஆறே மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டான். இதுதான் காரணம் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

2013-ல் 'தி லஞ்ச்பாக்ஸ்' படம் பார்த்தேன். வெறும் பழத்தோடு வந்து உட்காரும் புது ஆளுக்கு இர்ஃபான் கான் தன் டப்பாவில் பங்கு கொடுப்பார். எனக்கு மாடிப்படிதான் ஞாபகம் வந்தது. அவன் மீனை நான் தின்ன வேண்டியதில்லை. என் தயிர் சாதத்தை எடுத்துக்கொண்டு போய் இரண்டு படி தள்ளி உட்கார்ந்திருக்கலாமே? என்னிடம் ஒருவர் "ஜேவ்லாஸ் கா" கேட்டார். நான் அவனிடம் கேட்கவில்லை.

ஆக, சேர்ந்து சாப்பிட்டால் நட்பு வளரும் என்பது பாதிதான். அதே மேசை ஒருவரை வெளியே தள்ளவும் செய்யும். கூடிச் சாப்பிடுகிறவர்களுக்கு அது கண்ணில் படாது. தள்ளி உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். வெளியூருக்குப் பிழைக்க வந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

புனே, குர்காவ், ஹைதராபாத் என்று வேலைக்குப் போயிருக்கும் நம்ம பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 2020-க்குப் பிறகு ஆபீஸ் போகிற நாளே பலருக்குக் குறைந்துவிட்டது. போகிற நாளிலாவது காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு சீட்டில் சாப்பிடாதீர்கள். தமிழ்க்காரர்களோடு சேர்ந்து சாப்பிடுங்கள், தப்பே இல்லை. பக்கத்தில் ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருக்கட்டும். டப்பா கட்டிக் கொடுக்கிற தங்கமணிகளே, ரங்கமணிகளே, ஒரு கரண்டி கூட வையுங்கள்.

உங்கள் ஆபீஸில் தனியாகச் சாப்பிடுகிறவர் யார்? நாளைக்கு ஒரு மணிக்குக் கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாருங்கள்.