இடி, மின்னல் நேரத்தில் ஏசி: ரிமோட்டில் ஆஃப் செய்தால் மட்டும் போதுமா?

அக்னி நட்சத்திர வெயிலுக்கு நடுவே கோடை மழை வந்தால் வீடே குளிர்ந்துவிடும். ஆனா, அதே மழையின் இடி, மின்னலில் ஏசியின் சர்க்யூட் போர்டு கருகிப்போவதும் உண்டு.

என்ன காரணம்?

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். அருகில் மின்னல் தாக்கினால், மின்கம்பி வழியே கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பல ஆயிரம் வோல்ட் பாயலாம். வழக்கமான ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர், இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ரிமோட்டில் ஆஃப் செய்தாலும் போர்டுக்கு மின் இணைப்பு இருந்துகொண்டேதான் இருக்கும்.

என்ன செய்யலாம்?

• வானம் கறுத்ததுமே ஏசியை ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றிவிடுங்க. பிளக் இல்லையென்றால் எம்சிபியை இறக்கிவிடுங்க. இடி நெருங்கிவிட்டால் எதையும் தொட வேண்டாம்.

• மெயின் போர்டில் சர்ஜ் புரொடெக்டர் பொருத்தலாம். ஆனா, எர்த்திங் சரியாக இருந்தால்தான் அது கைகொடுக்கும்.

• கரண்ட் வந்த உடனே ஏசியைப் போடாதீங்க. 5 நிமிஷம் பொறுத்தால் கம்ப்ரசருக்கு நல்லது.

• அவுட்டோர் யூனிட் மழைநீரில் மூழ்கியிருந்தால், மெக்கானிக் பார்க்கும்வரை ஆன் செய்யவே கூடாது.

மழை நேரத்தில் ஒரு மணி நேரம் ஏசி இல்லாமல் இருந்துடலாம். போர்டு போனால், வெயில் திரும்பும்போதுதான் அதன் அருமை தெரியும்!