எலுவன்குளத்துக் காருக்கு எங்கே சேர்விஸ்?

எலுவன்குளத்தில் ஓடும் வாகனத்துக்கு ஓய்வு கிடையாது. மேற்கே கடலேரியும் கண்டற்காடும். கலா ஓயாவைக் கடந்தால் வில்பத்து. வெயில் காலத்தில் புழுதி எயார் ஃபில்டரை அடைக்கிறது. மாரியில் ஆறு பெருகினால் சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாய்கிறது. உப்புக்காற்றோ பருவம் பார்ப்பதில்லை. பூங்காவுக்குள் போகும் சஃபாரி ஜீப்புக்கும் புத்தளம் டவுனுக்குப் போய்வரும் வெகன் ஆருக்கும் இதே கதிதான். இவற்றின் வழமையான சேர்விஸை ஏஜென்டிடம் செய்வதா, ஊர்க் கராஜில் செய்வதா என்ற கேள்வி இப்போது புதிதாகக் கிளம்பியிருக்கிறது.

காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் நாட்டின் பழைய கார்கள் மேலும் பழசாயின. அவற்றை ஓடவைத்ததில் கராஜ் பாஸ்மாரின் பங்கு பெரிது. இன்று ஏஜென்டின் உத்தரவாதத்தோடு புத்தம்புது மின்சாரக் கார்கள் இறங்குகின்றன. “வெளியில் கை வைத்தால் வொரண்டி போய்விடும்” என்ற பேச்சும் கூடவே இறங்குகிறது.

ஆனால் நம் கராஜ்களுக்கு வரும் கார்களில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார்கள். அவற்றை டொயோட்டா லங்காவோ ஸ்டஃபோர்ட் மோட்டர்ஸோ விற்கவில்லை. விற்காத காருக்கு ஏஜென்டின் புதுக்கார் உத்தரவாதம் எங்கிருந்து வரும்? அப்படிப்பட்ட காரின் சொந்தக்காரர், ஒயில் மாற்றுவதற்காக நூறு கிலோமீற்றருக்கு மேல் கொழும்புப் பக்கம் ஓட்டிப் போவதற்கு உத்தரவாதம் ஒரு காரணமாகாது.

அறிவு விடயத்திலும் ஊர்ப் பாஸ் ஒருபடி முன்னே நிற்கும் இடங்கள் உண்டு. கார்க் கம்பனிகள் பல, சாதாரணப் பாவனைக்கு ஓர் அட்டவணையும் கடினப் பாவனைக்கு இன்னொன்றும் தருகின்றன. புழுதி, உப்பு, குறுந்தூர ஓட்டம் எல்லாம் இரண்டாவதில்தான் வரும். எலுவன்குளத்துக் காருக்கு முதல் அட்டவணையைப் பார்த்து ஒயில் மாற்றுவது வீண் துணிச்சல். தண்ணீரில் இறங்கி ஏறிய ஜீப்பின் டிஃபரென்ஷல் ஒயில் பால்நிறமாகிவிட்டதா என்று திறந்து பார்ப்பது, உப்பில் இறுகிய பிரேக் கலிப்பர் பின்னைக் கழற்றித் துடைத்துக் கிரீஸ் இடுவது, ஈரத்தை உறிஞ்சும் பிரேக் ஒயிலை நாள் தள்ளாமல் மாற்றுவது: இவையெல்லாம் ஓடும் பாதையைத் தெரிந்தவருக்கு உடனே நினைவுக்கு வரும் வேலைகள். ஹைபிரிட் கார்களில் பின் சீற்றுப் பக்கமுள்ள பெட்டரி விசிறியும் அப்படித்தான். புழுதி அடைத்தால் பெட்டரி சூடேறி ஆயுள் குறையும். சுத்தம் செய்யச் செலவு சொற்பம். செய்யாவிட்டால் பெட்டரியின் விலை.

இதற்கு மறுபக்கமும் உண்டு: சில வேலைகள் ஏஜென்டுக்கே உரியவை. ஹொண்டா ஃபிட் ஹைபிரிட் 2013 செப்டெம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஒக்டோபருக்குள் ஐந்து தடவை மீள்அழைக்கப்பட்டது. அவற்றில் சில, ஏழு வேக இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டியின் மென்பொருள் கோளாறுக்காக. அந்தத் தலைமுறைக் கார் குலுங்கிக் குலுங்கி கராஜுக்கு வரும்போது, கியர்பெட்டியை இறக்குமுன் சேசி இலக்கத்தைக் கம்பனியின் மீள்அழைப்புப் பக்கத்தில் தட்டிப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். மீள்அழைக்கப்பட்ட டகாட்டா கம்பனியின் எயார்பேக்கும் அப்படித்தான். அதன் வெடிமருந்து, வெப்பமும் ஈரமும் சேர்ந்த காலநிலையில் கெட்டுப்போவது. புத்தளக் கரையில் இரண்டுக்கும் குறைவில்லை. உயர் மின்னழுத்தம் இன்னொன்று: மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் பெட்டரி சுமார் 200 வோல்ட்; இன்வேர்ட்டர் அதை 650 வோல்ட் வரை ஏற்றும். உரிய பயிற்சியும் காப்புக் கையுறையும் இல்லாதவர் செம்மஞ்சள் கேபிளில் கை வைக்கக் கூடாது.

உத்தரவாதத்தைக் காட்டி வாடிக்கையாளரைக் கட்டிவைப்பது பற்றி வெளிநாடுகள் முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டன. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டம், குறிப்பிட்ட கம்பனியின் பாகத்தையோ சேவையையோ காசு கொடுத்து வாங்கினால்தான் உத்தரவாதம் என்று நிபந்தனை போடுவதைத் தடுக்கிறது. இந்தியாவில் போட்டி ஆணையம் 2014 ஓகஸ்டில், உதிரிப்பாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளிக் கராஜ்களுக்குக் கிடைக்கவிடாத 14 கார்க் கம்பனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. வெளியே பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை ஒட்டுமொத்தமாக ரத்துச்செய்யக் கூடாது என்றும் கட்டளையிட்டது. கம்பனிகள் மேன்முறையீட்டுக்குப் போயின. புதுக்கார்கள் பெருகும் இவ்வேளையில் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் இதுபோன்ற தெளிவைக் கேட்டு நிற்க வேண்டியது நம் தொழிலாளர்தாம்.

அப்படிக் கேட்பதற்குக் கையில் ஆதாரம் வேண்டும். ஏஜென்டிடம் இருப்பதும் நம்மிடம் இல்லாததும் பெரும்பாலும் பதிவேடுதான். கார் விற்கும் நாளில் வாங்குபவர் கேட்பது சேர்விஸ் வரலாறு. ஏஜென்ட் அச்சடித்துக் கொடுக்கிறார். பாஸ் வாயால் சொல்கிறார். பாஸ் போட்ட ஒயில் ஏஜென்ட் போடுவதைவிடத் தரமானதாக இருந்தாலும் விலையில் அது ஏறாது. எந்தக் காருக்கு எந்த சிவிடி ஒயில் ஊற்றினார் என்ற குறிப்பு இல்லாவிட்டால், பிறகு கியர்பெட்டி கெடும்போது பழியும் அவர் தலையில்தான் விழும்.

ஓர் அட்டை போதும். திகதி, ஓடிய கிலோமீற்றர், ஒயிலின் தரமும் அளவும், ஃபில்டரின் பாக இலக்கம், சேசி இலக்கத்தில் மீள்அழைப்பு பார்த்த முடிவு, அடுத்த சேர்விஸ், பாஸின் ஒப்பம். அனுபவத்தால் தொழில் கற்றவர்களுக்கு முன்கற்றலை மதிப்பிட்டு என்.வீ.கியூ. தொழில் தகைமைச் சான்றிதழ் தரும் வழியை அரச தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டா வைத்திருக்கிறது. அந்தச் சான்றிதழின் இலக்கத்தையும் அட்டையில் போடலாம். மாரி தொடங்குமுன் வரும் கார்களிலிருந்தே ஆரம்பிக்கலாம். எயார்பேக், கியர்பெட்டி மென்பொருள், உயர் மின்னழுத்தம் என்று வந்தால், “இது ஏஜென்டின் வேலை” என்று அதே அட்டையில் எழுதி, காரணத்தையும் குறித்து அனுப்பிவைக்கலாம்.