ஞாயிறு மாலையும் ஒரு தென்னைமரமும்



மும்பையிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் இம்மாதம் என் மேஜைமேல் இருக்கிறது. அவருடைய மகனுக்குப் பதினேழு வயது. சபையில் கீபோர்டு வாசிக்கிறான். ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நண்பர்களோடு ஜுஹுவிலுள்ள ஒரு பாடகரின் கல்லறையைப் பார்த்துவர அனுமதி கேட்கிறான். "விசுவாசியின் பிள்ளை கல்லறைக்குப் போகலாமா? அதுவும் சினிமாப் பாடகரின் கல்லறைக்கு? 'போகாதே' என்று சொன்னால் சொல்லாமல் போய்விடுவானோ என்று பயமாயிருக்கிறது" என்று அந்தத் தாயார் கேட்கிறார்.

இந்தக் கேள்வியை ஒரு வீட்டுக் கேள்வியாக மட்டும் நான் எண்ணவில்லை. ஊரைவிட்டு வந்து பெருநகரங்களில் வாழ்கிற நம் குடும்பங்கள் வாரத்தின் கடைசி நாளை எப்படிக் கழிக்கின்றன என்பதும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

நம் ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகிறது?

ஆறு நாட்கள் லோக்கல் ரயிலிலும் பேருந்திலும் நெருக்கியடித்துப் பயணம். சனிக்கிழமை மாலையில் துணி துவைத்தல், மளிகை வாங்குதல், ஊருக்குப் போன் பேசுதல். ஞாயிறு காலை ஆராதனை. ஒரு மணிக்கு வீடு திரும்பினால் சமையல், சாப்பாடு, தூக்கம். விழித்தெழும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. தகப்பன் ஒரு மூலையில் கைப்பேசியோடு, தாய் தொலைக்காட்சியின் முன், பிள்ளைகள் மற்றொரு மூலையில் தங்கள் கைப்பேசியோடு. ஒரே அறையில் நான்கு பேர் நான்கு தேசங்களில் வாழ்கிறோம். சற்று வசதியிருந்தால் 'மால்' எனப்படும் பெரிய அங்காடிக்குப் போகிறோம். அங்கே குளிர்ந்த காற்றும் நகரும் படிக்கட்டும் உண்டு. திரும்பி வரும்போது பணப்பை இளைத்திருக்கிறது. பிள்ளைகளிடம் பேசிய பேச்சோ நாலு வார்த்தைக்குமேல் இல்லை.

இந்நிலையில் ஒரு வாலிபன் தானாகவே, "மறைந்துபோன ஒரு கலைஞனின் இடத்தைப் பார்க்கப் போகிறேன்" என்று சொன்னால், முதலில் அவனை உட்காரவைத்து, "யாரப்பா அவர்?" என்று கேட்பதே தகுதி. நாமும் கேட்டுப் பார்ப்போம்.

கல்லறை இல்லாத கல்லறை

அவன் பார்க்க விரும்பியது முகமது ரஃபியின் கல்லறையை. 1924 டிசம்பர் 24 அன்று பஞ்சாபில் அமிர்தசரஸுக்கு அருகே கோட்லா சுல்தான் சிங் என்னும் கிராமத்தில் பிறந்தவர். லாகூரில் வளர்ந்து, 1944-இல் பம்பாய்க்குப் பிழைக்க வந்தவர். நம்மில் அநேகரைப்போல அவரும் ஒரு குடிபெயர்ந்தவரே. 1980 ஜூலை 31 அன்று மாரடைப்பால் மறைந்தபோது அவருக்கு வயது 55. கொட்டும் மழையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டுவர, ஜுஹுவிலுள்ள இஸ்லாமிய அடக்கஸ்தலத்தில் அவரை அடக்கம்பண்ணினார்கள்.

இன்று அங்கே போனால் அவர் பெயர் பொறித்த கல்லறையை உங்கள் பிள்ளை காணமாட்டான். 2010-ஆம் ஆண்டில், புதிதாக அடக்கம்பண்ண இடம் போதாமையால் அங்கிருந்த பழைய கல்லறைக் கட்டுமானங்கள் அகற்றப்பட்டன. ரஃபியின் கல்லறையும், நடிகை மதுபாலாவின் கல்லறையும் அவற்றோடு போயின. பிறந்த நாளிலும் நினைவு நாளிலும் வருகிற ரசிகர்கள், அந்த இடத்துக்கு அருகே நிற்கிற ஒரு தென்னைமரத்தையே அடையாளமாக வைத்துக்கொண்டு அதனருகே நின்று அவரை நினைவுகூருகிறார்கள்.

தேசம் முழுவதும் அறிந்த குரலுக்கு நகரம் விட்டுவைத்த அடையாளம் ஒரு தென்னைமரம்! இதைக் கண்ணால் காண்கிற வாலிபன், புகழைக்குறித்து நாம் செய்கிற பத்துப் பிரசங்கங்களில் கற்றுக்கொள்வதைக் காட்டிலும் அதிகமாய்க் கற்றுக்கொள்வான்.

மற்ற நகரங்களில்

டெல்லி வாசகர்களுக்கு நிஜாமுதீன் தூரமல்ல. 1325-இல் மறைந்த கவிஞரும் இசைவாணருமான அமீர் குஸ்ரு, தம் குருவாகிய நிஜாமுதீன் அவுலியாவின் சமாதிக்கு அருகிலேயே அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறார். டெல்லியிலிருந்து ஏறக்குறைய 320 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குவாலியரில், அக்பரின் அரசவையை அலங்கரித்த தான்சேனின் கல்லறை இருக்கிறது. காலை ரயிலில் போய் இரவில் திரும்பிவிடலாம். அங்கே முகமது கௌஸ் என்னும் ஞானியின் பெரிய சமாதி மண்டபமும் அதன் நுட்பமான கல் ஜன்னல்களும் முதலில் கண்ணைக் கவரும். தான்சேனின் கல்லறையோ அதன் பக்கத்தில், தூண்கள் தாங்கிய சிறு திறந்த மண்டபத்தில் எளிமையாக இருக்கிறது. ஆண்டுதோறும் டிசம்பரில் தான்சேன் பெயரால் குவாலியரில் இசைவிழா நடைபெறுகிறது. 2024-இல் அது நூறாவது விழாவாக நடந்தது.

அந்தக் கல்லறையை அடுத்துள்ள புளியமரத்தின் இலையை மென்றால் குரல் இனிமையாகும் என்பது பாடகர்களிடையே வெகுகாலமாய் வழங்கிவரும் நம்பிக்கை. உங்கள் பிள்ளைகளுக்கு அதைக் கதையாகச் சொல்லுங்கள். கூடவே, குரல் அதிகாலைப் பயிற்சியினால் வருகிறது, இலையினால் வருவதில்லை என்பதையும் சொல்லுங்கள்.

வாரணாசியில் வசிப்போருக்கு உஸ்தாத் பிஸ்மில்லா கான். நம் ஊர் நாதஸ்வரத்துக்கு உறவான ஷெனாயை, கல்யாண வீட்டு வாசலிலிருந்து கச்சேரி மேடைக்கு உயர்த்தியவர். 2001-இல் பாரத ரத்னா பெற்றார். 2006 ஆகஸ்ட் 21 அன்று தமது 90-ஆம் வயதில் மறைந்தார். ஃபாத்மான் அடக்கஸ்தலத்தில் ஒரு வேப்பமரத்தடியில், அவருடைய ஷெனாய் ஒன்றையும் கூட வைத்து அடக்கம்பண்ணினார்கள்.

கடல் கடந்த தேசங்களிலும் இதே செய்தியைக் காண்கிறோம். 1750-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மறைந்த பாக், பெயர் பொறித்த கல் ஏதுமின்றி அடக்கம்பண்ணப்பட்டார். 1894-இல்தான் அவருடையவை எனக் கருதப்பட்ட எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டன. அவர் பல்லாண்டுகள் பணிசெய்த புனித தோமா ஆலயத்தில் இன்று அவர் பெயர் பொறித்த கல் இருக்கிறது. 1791-இல் வியன்னாவில் மறைந்த மோட்சார்ட்டின் கல்லறை சரியாக எந்த இடம் என்பதை இன்றுவரை ஒருவரும் அறியார்.

கிறிஸ்துமஸ் நாட்களில் நம் பாடகர் குழுக்கள் பாடுகிற 'அல்லேலூயா' கோரஸை இயற்றிய ஹாண்டலோ, 1759-இல் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் பெரும் மரியாதையோடு அடக்கம்பண்ணப்பட்டார். அங்குள்ள அவருடைய சிலைக்கு முன்னே விரிந்திருக்கும் இசைத்தாளில், யோபு 19-ஆம் அதிகாரத்திலிருந்து அவர் இசையமைத்த மீட்பரைக்குறித்த பாடல் பொறிக்கப்பட்டுள்ளது. அவருடைய 'மேசியா' 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் முதன்முதலாக அரங்கேறியபோது, கிடைத்த பணத்தின் ஒரு பங்கினால், கடனுக்காகச் சிறையிலிருந்த 142 பேர் விடுதலையானார்கள். சிலையைக் காட்டிலும் இந்த 142 பேரே அவருக்கு உயர்ந்த நினைவுச்சின்னம் என்பது என் எண்ணம்.

விசுவாசி போகலாமா?

இப்பொழுது தாயாரின் கேள்விக்கு வருவோம். ஒரு இசைக்கலைஞனின் கல்லறையைக்குறித்து வேதத்தில் எங்கே வாசிக்கிறோம்? பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் பேதுரு செய்த முதல் பிரசங்கத்தில் வாசிக்கிறோம்! அப்போஸ்தலர் 2-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சுரமண்டலம் வாசித்தவனும் சங்கீதங்களைப் பாடினவனுமாகிய தாவீதின் கல்லறை அந்நாள்வரை அவர்கள் நடுவே இருப்பதைப் பேதுரு சுட்டிக்காட்டுகிறார். கேட்டவர்கள் யாவரும் அந்த இடத்தை அறிந்திருந்தார்கள். பேதுரு அதை இகழவுமில்லை, வணங்கச் சொல்லவுமில்லை. தாவீது மரித்து அடக்கம்பண்ணப்பட்டவன் என்பதற்கு அந்தக் கல்லறையையே சாட்சியாக நிறுத்தி, உயிர்த்தெழுந்தவரிடம் ஜனங்களை நடத்துகிறார். கல்லறையைக் கண்டதாலோ அறிந்ததாலோ ஒருவனும் தீட்டுப்படவில்லை.

ஆபிரகாம் 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக்கொடுத்து, சாராளை அடக்கம்பண்ண மக்பேலாவின் நிலத்தை வாங்கினான். அவனும் அந்நிய தேசத்தில் குடியிருந்தவனே. யாக்கோபு ராகேலின் கல்லறையின்மேல் தூண் நிறுத்தினான். மரித்தோரின் இடத்தைக் கனம்பண்ணுவது முற்பிதாக்களின் வழக்கம்.

எனினும் ஓர் எல்லை உண்டு. மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்துக்கு ஜனங்கள் தூபங்காட்டத் தொடங்கியபோது எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான். நினைவு வேறு, வணக்கம் வேறு. மரித்தவரிடம் வேண்டுதல் செய்வதோ, மண்ணையும் இலையையும் பிரசாதமாகக் கொண்டுவருவதோ நமக்குரியதல்ல. இதைப் பிள்ளைக்கு முன்னமே அன்பாய் விளக்கிவிட்டால், அங்கே மற்றவர்கள் செய்வதைக் கண்டு அவன் குழம்பவும் மாட்டான், அவர்களை ஏளனம்பண்ணவும் மாட்டான்.

சினிமாப் பாடல் வேண்டாம் என்ற தீர்மானத்தோடு வாழ்கிற குடும்பங்களை நான் மதிக்கிறேன். அந்தத் தீர்மானத்தை மாற்றிக்கொள்ளும்படி இங்கே கேட்கவில்லை. ஆனால் ஒரு கலைஞனின் உழைப்பையும் ஒழுங்கையும் அறிந்துகொள்வதற்கு, அவன் பாடின எல்லாவற்றையும் நம் வீட்டில் ஒலிக்கச் செய்யவேண்டியதில்லை. கீபோர்டு வாசிக்கிற பிள்ளைக்கு உழைப்பின் பாடம் மிகவும் தேவை.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

பிள்ளையைத் தனியே அனுப்புவதைவிட, தகப்பனும் கூடப்போவது நலம். அடக்கஸ்தலம் பிறருடைய பரிசுத்த இடம். வாசலில் இருக்கிற காவலரிடம் அனுமதி கேட்டபின்னரே உள்ளே போங்கள். அநேக இஸ்லாமிய அடக்கஸ்தலங்களில் பெண்கள் உள்ளே போகும் வழக்கமில்லை. அதை முன்னதாகவே விசாரித்து அறிந்துகொள்ளுங்கள். அடக்கம் நடந்துகொண்டிருந்தால் ஒதுங்கி நில்லுங்கள். துக்கத்திலிருப்போரைப் படமெடுக்க வேண்டாம். கல்லறைகளின்மேல் மிதிக்கவோ உட்காரவோ வேண்டாம். முந்தின இரவே அந்த மனிதரின் வாழ்க்கையைக் குடும்பமாக உட்கார்ந்து பேசிவிட்டுப் போனால், பயணம் முழுவதும் பேச விஷயம் இருக்கும். ரயில் கட்டணமும் ஒரு டீயும்தான் செலவு.

நமக்குச் சொந்தமான கல்லறைகள்

பிரியமானவர்களே, இறுதியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜுஹுவில் நடந்தது புகழ்பெற்றவர்களுக்கு மாத்திரம் நேரிடுகிற காரியமல்ல. பெருநகரங்களின் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்கள் பலவற்றிலும் இடம் குறைவு. சில ஆண்டுகள் கழிந்தபின் அதே குழியில் வேறொருவரை அடக்கம்பண்ணுகிறார்கள். எலும்புகளை எடுத்துச் சுவரிலுள்ள சிறு மாடங்களில் வைப்பதும் உண்டு. இது பாவமல்ல, நெருக்கடி. உயிர்த்தெழுதலில் கர்த்தர் தம்முடையவர்களை அறிவார் என்பதில் நமக்குச் சந்தேகமுமில்லை.

ஆனால் நம் பிள்ளைகள் அறிவார்களா? நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு டிரங்குப் பெட்டியோடு இந்நகரத்துக்கு வந்து, ஒற்றை அறையில் ஜெபக்கூட்டம் நடத்தி, ஹார்மோனியம் இல்லாமல் கைத்தாளத்தில் பாடி, சபைக்கு அஸ்திபாரமிட்ட தாத்தா பாட்டிமார் பலர் இந்த மண்ணிலேயே உறங்குகிறார்கள். அடக்க ஆராதனை முடிந்து மண்ணைத் தள்ளிவிட்டு வந்தபின், அந்த இடத்துக்கு மறுபடியும் போகாத குடும்பங்கள் அநேகம். பேரப்பிள்ளைகளுக்கு இடமும் தெரியாது, வரிசை எண்ணும் தெரியாது.

ஆகவே ஒரு ஞாயிறு மாலையை அதற்கென்று ஒதுக்குங்கள். கல்லறைத் தோட்ட அலுவலகத்தில் பெயரும் தேதியும் சொல்லி, பதிவேட்டில் இருக்கும் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை ஆண்டுகள் அந்த இடம் விடப்படும், புதுப்பிக்க வழியுண்டா என்று விசாரியுங்கள். இடத்தைப் படமெடுத்து, அருகே நிற்கிற மரத்தையும் சுவரையும் அடையாளமாகக் குறித்து, வீட்டு வேதாகமத்தின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். அங்கே நின்று, அவர்கள் விரும்பிப் பாடின பாடல் ஒன்றைப் பிள்ளைகளுக்குப் பாடிக்காட்டுங்கள்.

ஜுஹுவின் தென்னைமரத்தை அந்நியர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். நம் பெரியவர்களின் இடத்தை நாமல்லாமல் வேறு யார் நினைவில் வைப்பார்கள்?

அம்மா, மகனை அழைத்துக்கொண்டு அவன் தகப்பனார் போய்வரட்டும். திரும்பும் வழியில் உங்கள் குடும்பத்தாருடைய கல்லறைத் தோட்டத்துக்கும் அவர்கள் போய்வருவார்களானால், அந்த ஞாயிறு வீணாய்ப் போகாது. கர்த்தர் உங்கள் குடும்பத்தை ஆசீர்வதிப்பாராக. அடுத்த இதழில் மறுபடியும் சந்திப்போம்.