டீ வாங்கி வந்ததற்கு இரண்டு கிரெடிட்!

கோடை விடுமுறை வந்தால் திருவண்ணாமலையில் இரண்டு விதமான கூட்டத்தைப் பார்க்கலாம். ஒன்று, சித்ரா பௌர்ணமிக்கு கிரிவலம் வரும் கூட்டம். இன்னொன்று, கையில் கல்லூரி லெட்டரை வைத்துக்கொண்டு "சார், ஒரு மாசம் இன்டர்ன்ஷிப் கிடைக்குமா?" என்று ஆடிட்டர் ஆபீஸ், ஷேர் புரோக்கர் ஆபீஸ், பைனான்ஸ் கம்பெனி என மாடிப்படி ஏறி இறங்கும் பி.காம். கூட்டம். முதல் கூட்டத்துக்காவது 14 கிலோமீட்டரில் சுற்று முடிந்துவிடும். இரண்டாவது கூட்டத்துக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

அந்த லெட்டரை யாராவது ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். "எங்கள் மாணவருக்குப் பயிற்சி அளித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்." கீழே சீல், கையெழுத்து. அவ்வளவுதான். என்ன கற்றுக்கொடுக்க வேண்டும்? தினமும் எத்தனை மணி நேரம்? யார் வந்து பார்ப்பார்கள்? பணம் உண்டா, இல்லையா? ஒன்றும் கிடையாது. கல்யாணப் பத்திரிகையில்கூட இதைவிட அதிக விவரம் இருக்கும்!

உள்ளே போனால் என்ன நடக்கும் என்பது பி.காம். படித்த எல்லோருக்கும் தெரியும். முதல் வாரம் பழைய ஃபைல்களைத் தூசி தட்டுவது, வவுச்சர்களைத் தேதி வாரியாக அடுக்குவது, பேங்க் க்யூவில் நிற்பது, பதினோரு மணிக்கு டீ. இரண்டாவது வாரம் "தம்பி சூட்டிகையா இருக்கானே" என்று டேலி முன்னால் உட்கார வைப்பார்கள். அதன் பிறகு காலையிலிருந்து இரவு வரை என்ட்ரி, என்ட்ரி, என்ட்ரி. பில்லைப் பார், அடி, அடுத்த பில். அந்த என்ட்ரி ஏன் அந்த லெட்ஜரில் போகிறது, உள்ளீட்டு வரி ஏன் பொருந்தவில்லை என்று கேட்டால், "அதெல்லாம் அப்புறம் சொல்றேன், முதல்ல முடி."

இங்கேதான் ஒரு எளிமையான கணக்கு இடிக்கிறது. சொல்லிக் கொடுத்தால் அது பயிற்சி. சொல்லிக் கொடுக்காமல் வேலை வாங்கினால் அது வேலை, வேலைக்குக் கூலி உண்டு. சொல்லியும் கொடுக்காமல், கூலியும் கொடுக்காமல் வாங்குவதற்கு என்ன பெயர்? தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தில் அதற்குப் பெயர் கோடைக்காலப் பயிற்சி, மதிப்பு 2 கிரெடிட். திட்டம் போட்டவர்கள் நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பார்கள். ஆனால் இடம் தேடிக்கொள்வது மாணவன் தலையில் விழுந்தபோதே அந்த எண்ணம் செத்துவிட்டது.

வெளிநாட்டில் இதற்கு 'கோ-ஆபரேட்டிவ் எஜுகேஷன்' என்று பெயர். (கோ-ஆபரேட்டிவ் என்றதும் ரேஷன் கடை ஞாபகம் வந்தால் தப்பில்லை, இது வேறு.) 1906-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 27 இன்ஜினியரிங் மாணவர்களோடு ஆரம்பித்தது. கொஞ்ச நாள் வகுப்பு, கொஞ்ச நாள் தொழிற்சாலை, மறுபடி வகுப்பு. தொழிற்சாலையில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளம் உண்டு. 1957-ல் கனடாவில் தொடங்கிய வாட்டர்லூ பல்கலைக்கழகம் முதல் நாளிலிருந்தே இந்த முறையில்தான் ஓடுகிறது. அங்கே நான்கு மாதம் படிப்பு, நான்கு மாதம் வேலை என்று மாறி மாறி வரும். வேலை கொடுக்கும் கம்பெனி, என்ன வேலை என்று பல்கலைக்கழகத்திடம் முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும். முடிந்ததும் மாணவன் அறிக்கை எழுதுகிறான், முதலாளி மதிப்பீடு எழுதுகிறார், கல்லூரி இரண்டையும் படிக்கிறது. அதாவது மூன்று பேர் சேர்ந்து செய்யும் காரியம். இங்கே மூன்றாவது ஆள் சீல் குத்தியதோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்.

"அமெரிக்காவெல்லாம் நமக்கு ஒத்து வருமா?" என்று கேட்பவர்கள் கோயம்புத்தூர் வரை போய் வரலாம். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் 'சாண்ட்விச்' பி.இ. என்று ஒரு படிப்பு இருக்கிறது. நான்கு வருடம் அல்ல, ஐந்து வருடம். படிப்புக்கு நடுவே தொழிற்சாலைப் பயிற்சியைச் செருகி வைத்திருப்பதால் அந்தப் பெயர். பயிற்சிக்கென்று நேரம் ஒதுக்கினால் படிப்பு நீளும் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டு செய்கிறார்கள். மே மாத வெயிலில் முப்பது நாளை வைத்து ஒப்பேற்றவில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? தொழில் பழகுநர் சட்டம் 1961-ல் வந்தது. ரொம்ப நாள் ஐ.டி.ஐ., டிப்ளமோ, இன்ஜினியரிங் ஆட்களுக்குத்தான் அது. 2014 திருத்தத்தில்தான் பி.காம்., பி.ஏ. போன்ற பட்டதாரிகளும் உள்ளே வந்தார்கள். 2019-ல் விதிகளை மாற்றியபோது பட்டதாரி அப்ரண்டிஸுக்கு மாதம் குறைந்தபட்சம் 9,000 ரூபாய் ஸ்டைபெண்ட் என்று வைத்தார்கள். தேசிய தொழில் பழகுநர் பயிற்சித் திட்டத்தில் சேர்த்தால் அதில் பாதியை மத்திய அரசே தருகிறது. 30 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும், நான்கு பேர் இருக்கும் இடமும் விரும்பினால் எடுக்கலாம் என்பதும் அதே விதிகள்தான். ஆக "எங்களுக்குக் கட்டுப்படியாகாது தம்பி" என்று சொல்லும் சின்ன ஆபீஸுக்குக்கூட ஒரு வழி இருக்கிறது. கொஞ்சம் பேப்பர் வேலை செய்ய வேண்டும். பேப்பர் வேலையே தொழிலாக வைத்திருக்கும் ஆடிட்டர் ஆபீஸுக்கு அது ஒரு பெரிய விஷயமா?

ஆனால் இதே சட்டத்தில் ஒரு பள்ளமும் இருக்கிறது. அப்ரண்டிஸ் என்பவர் 'தொழிலாளி' அல்ல, 'பயிற்சி பெறுபவர்' மட்டுமே என்று 18-வது பிரிவு சொல்கிறது. தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது. அதே 2014 திருத்தம் வேலை நேரத்தை முதலாளியே தீர்மானிக்கலாம் என்றது, விதியை மீறிய முதலாளிக்கு இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு அபராதம் மட்டும் வைத்தது. கதவைத் திறந்து பி.காம். பையனை உள்ளே விட்ட கையோடு காவலாளியையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பெரிய இடங்களிலும் இதைக் கவனிக்க வேண்டும். 2024-ல் இந்தியன் வங்கி 1,500 அப்ரண்டிஸ்களுக்கு விளம்பரம் கொடுத்தது. ஒரு வருடப் பயிற்சி. பெருநகர, நகரக் கிளைகளில் மாதம் 15,000, சிறுநகர, கிராமக் கிளைகளில் 12,000. ஓசிக்கு வேலை வாங்கும் இடங்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். அதே 2024-ல் கையெழுத்தான வங்கி ஊதிய ஒப்பந்தப்படி புதிதாகச் சேரும் கிளார்க்கின் அடிப்படைச் சம்பளம் மட்டும் 24,050 ரூபாய், படிகள் தனி. ஆக, எந்த வங்கியாக இருந்தாலும் பயிற்சி என்று எடுத்த ஆளை கவுண்டரில் உட்கார வைத்தால், கிளார்க் வேலை பாதி விலைக்கும் கீழே முடிகிறது. பயிற்சி எங்கே முடிந்து வேலை எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு போட வெளியிலிருந்து ஒரு ஆள் தேவைப்படுவது இதனால்தான்.

வேலை கிடைக்குமா என்றால் அதற்கும் உத்தரவாதம் கிடையாது. மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி பெற்ற அப்ரண்டிஸுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 1995-ல் உத்தரப்பிரதேச போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முன்னுரிமைதான், வேலை அல்ல.

சி.ஏ. படிப்பவர்கள் கதை தனி. ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று வருடமாக இருந்தது, 2023-ல் இரண்டு வருடம் ஆக்கினார்கள். அதற்குக் குறைந்தபட்ச ஸ்டைபெண்ட் உண்டு. எப்படி நிர்ணயிக்கிறார்கள் தெரியுமா? ஊரின் மக்கள்தொகையை வைத்து! 20 லட்சத்துக்கு மேல் ஒரு ரேட், 4 லட்சத்துக்கு மேல் ஒரு ரேட், அதற்குக் கீழே கடைசி ரேட். 2011 கணக்கெடுப்பில் திருவண்ணாமலை நகரத்தின் மக்கள்தொகை சுமார் 1 லட்சத்து 45 ஆயிரம். அதே ரிட்டர்ன், அதே பேலன்ஸ் ஷீட், ஆனால் கடைசி ரேட். கார்த்திகை தீபத்தன்று தலையை எண்ணினால் முதல் ரேட்டே கிடைத்துவிடும்! :-)

"அனுபவம் கிடைக்குதே, அது போதாதா? அந்தக் காலத்துல நாங்க காசு வாங்காமத்தான் தொழில் கத்துக்கிட்டோம்" என்று சொல்லும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. அவர்களுக்கு யாரோ கற்றுக் கொடுத்தார்கள். தப்புச் செய்தால் தலையில் குட்டினார்கள், பிறகு திருத்தினார்கள். இன்றைக்கு முப்பது நாள் முடிந்ததும் சர்டிபிகேட்டை மாணவனே டைப் அடித்து எடுத்துப் போகிறான், சார் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார். இதில் இன்னும் மோசம், ஆபீஸ் பக்கமே போகாமல் பணம் கட்டி ஆன்லைனில் சர்டிபிகேட் வாங்குவது. அப்படி வாங்குகிறவனைத் திட்டுவது சுலபம். செங்கத்திலிருந்தோ போளூரிலிருந்தோ பஸ்ஸில் வந்து, கோடையில் எங்கேயாவது வேலைக்குப் போனால்தான் அடுத்த வருட ஃபீஸ் என்ற நிலையில் இருப்பவனுக்கு ஒரு மாதம் சும்மா உழைக்கக் கட்டுப்படியாகுமா? 2024-ல் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் மாதம் 5,000 ரூபாய் என்று வந்தபோது கூட, முழுநேரம் கல்லூரியில் படிப்பவர்களுக்கு அதில் இடமில்லை.

இத்தனைக்கும் திருவண்ணாமலையில் கணக்கு கற்றுக்கொள்ள இடமா இல்லை? மாதம் தவறாமல் பௌர்ணமிக்கு ஊரே கடை போடுகிறது. ஹோட்டல், லாட்ஜ், பூக்கடை என்று ஒரே ராத்திரியில் சரக்கு வந்து, விற்று, பணமாகி, மறுநாள் கடன் அடைபடும். செய்யாறு சிப்காட்டில் ஷூ தொழிற்சாலைகள் இருக்கின்றன, ஆரணியில் பட்டு நெசவு இருக்கிறது. செலவுக் கணக்கும் சரக்குக் கணக்கும் புத்தகத்தில் படிப்பதைவிட அங்கே நன்றாகப் புரியும். பௌர்ணமி முடிந்து கோயில் உண்டியல் எண்ணும்போது தன்னார்வலர்களும் உட்கார்ந்து எண்ணுகிறார்கள். அது சேவை, அதைச் சேவை என்றே சொல்கிறார்கள். யாரும் அதற்கு இன்டர்ன்ஷிப் என்று பெயர் வைக்கவில்லை. அந்த நேர்மை மற்ற இடங்களில் இருந்தால் போதும்.

கல்லூரிகள் செய்ய வேண்டியது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை அல்ல. லெட்டரில் நான்கு வரி கூடுதலாக எழுதலாம்: என்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம், எந்த வாத்தியார் எந்தத் தேதியில் வந்து பார்ப்பார். அந்த நான்கையும் நிரப்பச் சம்மதிக்காத இடத்துக்கு மாணவனை அனுப்பாமல் இருக்கலாம். ஏப்ரலில் மறுபடி லெட்டர் அடிப்பார்கள், பழைய ஃபைலைத் திறந்து தேதியை மட்டும் மாற்றுவதற்கு முன்னால் எந்தத் துறைத் தலைவராவது அந்த நான்கு வரியைச் சேர்ப்பாரா?