மதர்போர்டு வாங்கப் போனேன்

போன மாதம் ஒரு காலையில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பட்டனை அழுத்தினால் விசிறி மட்டும் சுற்றுகிறது, திரை இருட்டு. 2013-ல் வாங்கியது. என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளின் கேள்வித்தாள்கள், மாமனாரின் சதாபிஷேகப் போட்டோக்கள் எல்லாம் அதற்குள்தான். மாமனார் இப்போது இல்லை. எனக்கு அடிவயிற்றில் பகீரென்றது.

தெருமுனைக் கடைக்காரர் பார்த்துவிட்டு, "மதர்போர்டு போச்சும்மா. இதுக்கெல்லாம் இப்ப போர்டு வராது. புதுசா ஒரு கம்ப்யூட்டரே எடுத்துடுங்க, முப்பதாயிரத்துல முடிச்சுத் தரேன்" என்றார். என் கணவர், "தீபாவளிக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார்!

சாயங்காலம் கொழுந்தனார் பையன் வந்தான். இந்த வேலையெல்லாம் தெரிந்தவன். "பெரியம்மா, போட்டோ எல்லாம் ஹார்டு டிஸ்க்கில இருக்கு. போர்டு போனா அது போகாது" என்றான். அப்புறம்தான் எனக்குக் காப்பியே தொண்டையில் இறங்கியது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தான். ராமைக் கழற்றி, அதன் மஞ்சள் விளிம்பை ரப்பரால் துடைத்துத் திரும்பப் போட்டான். பலனில்லை. கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையும் மாற்றிப் போட்டுப் பார்த்தான். (பல வீடுகளில் இந்த இரண்டில் ஒன்றுதான் கோளாறாம், பழி மட்டும் போர்டின் மேல்!) பிறகு டார்ச் அடித்துக் காட்டினான். போர்டில் குட்டி டப்பாக்கள் மாதிரி நிற்கும் கெபாசிட்டர்களில் இரண்டு, கெட்டுப்போன டின் போல் தலை உப்பி நின்றன. சரி, போர்டுதான்.

ரவிக்கைத் துணி எடுக்கப் போனால் புடவையைக் கையோடு கொண்டுபோக மாட்டோமா? அதே கதைதான். எங்கள் சிப் இன்டெல் ஐ3-3220, மூன்றாம் தலைமுறை. அது 1155 என்ற சாக்கெட்டில்தான் உட்காரும். சிப்பின் அடியில் உள்ள தொடுபுள்ளிகளின் எண்ணிக்கைதான் அந்த 1155. அடுத்த தலைமுறைக்கு 1150. ஐந்துதானே வித்தியாசம் என்று வாங்கினால் உட்காரவே உட்காராது. ராமும் அப்படித்தான், டிடிஆர்3 போடும் இடத்தில் டிடிஆர்4 நுழையாது. இரண்டுக்கும் பொருத்தமாக, கையைக் கடிக்காத விலையில் கிடைப்பது எச்61 போர்டு. ஆனால், கம்பெனிப் பெயரோடு முழு செட்டாக வந்த கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் உஷார். சிலவற்றில் ஒயர் சொருகும் இடமும் திருகு ஓட்டைகளும் வேறு மாதிரி இருக்கும்.

பழைய போர்டையே, சிப்பையும் ராமையும் கழற்றாமல், அட்டைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம். ஒரு கடையில் பழைய போர்டு ஆயிரத்து ஐந்நூறு, நல்ல கம்பெனி. எனக்கு ஆசைதான். சாக்கெட்டில் ஊசி ஊசியாக இருக்கும் பின்களைச் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தோம். ஓரத்தில் ஒன்று வளைந்திருந்தது. வேண்டாமென்று வைத்துவிட்டேன். அடுத்த கடையில் அதிகம் பெயர் கேள்விப்படாத கம்பெனியின் புதுப் போர்டு இரண்டாயிரத்து இருநூறு, ஒரு வருட வாரண்டி, பில்லோடு.

"மாட்டி, படம் வந்தால்தான் பணம்" என்றேன். கடைக்காரர் முகம் சுளித்தார். சுளிக்கட்டுமே! எச்61-ல் சில போர்டுகள் பயாஸைப் புதுப்பிக்காவிட்டால் மூன்றாம் தலைமுறைச் சிப்போடு எழுந்திருக்காது. வீட்டுக்கு வந்தபின் யார் அலைவது?

ஒன்றை மறைக்கக் கூடாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. இந்த வயதுச் சிப்பை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. அதனால் பாங்க் வேலை எதையும் நான் இதில் செய்வதில்லை. அதற்காகத்தான் கம்ப்யூட்டர் வேண்டும் என்பவர்கள் இந்த இரண்டாயிரத்தைப் புதிதுக்கே சேர்த்து வையுங்கள். எனக்குக் கேள்வித்தாள் அடிக்க இது போதும்.

போர்டை மாட்டியதும் முதல் வேலையாகப் போட்டோக்களைப் பென் டிரைவில் ஏற்றினோம். மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "இதுல சிரிச்சிருக்காரே மனுஷர்!" என்று அந்த ஒரு படத்தையே மறுபடி மறுபடி போடச் சொன்னார்.