பெண் குழந்தையும் பொம்மைக் கடையும்

பொம்மையைப் பற்றியும் ஒரு பத்திரிகை தலையங்கம் எழுதவேண்டுமா என்று நேயர்களில் சிலர் நகைக்கக்கூடும். விலைவாசி, வேலையின்மை, தேர்தல் முதலிய விஷயங்கள் இருக்க, குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் ஒரு பொருட்டா என்பது அவர்கள் கேள்வி. நம் பெண்மக்கள் எழுத்தறிவதற்கு முன்பே தங்கள் நிறத்தைக் கண்டும் மேனியைக் கண்டும் நாணப் பழகுவார்களாயின், அதைவிடப் பெரிய அரசியல் விஷயம் வேறொன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. தன்னைத் தாழ்வாக எண்ணப் பழகியவள் தன் உரிமையைக் கேட்கத் துணியமாட்டாள்.

பொம்மை குழந்தையின் மனத்தைக் காட்டும் கண்ணாடி என்பது ஆராய்ந்து கண்ட உண்மை. அமெரிக்காவில் 1940-களில் கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்னும் கறுப்பின மனோதத்துவ அறிஞர் தம்பதிகள், 3 முதல் 7 வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகளின் முன் நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளை வைத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே சுட்டினர். 1954-ல் பள்ளிகளில் நிறப் பாகுபாடு செல்லாதென்று அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தபோது, கிளார்க்கின் ஆராய்ச்சியையும் எடுத்துக்காட்டியது.

நிறத்தோடு நிற்கவில்லை இவ்விஷயம். 1959-ல் சந்தைக்கு வந்த பார்பி பொம்மையின் மெலிந்த இடையும் நீண்ட காலும் எந்த நாட்டுப் பெண்ணுக்கும் இயற்கையாக அமைவதில்லை. 2006-ல் இங்கிலாந்தில் 5 முதல் 8 வயது வரையுள்ள 162 சிறுமிகளிடம் நடந்த சோதனையின் முடிவு வெளிவந்தது. பார்பியின் படங்களைப் பார்த்த சிறுமிகள், பாராத சிறுமிகளைவிடத் தங்கள் உடலைப்பற்றிக் குறைவாக எண்ணினார்கள். இன்னும் மெலியவேண்டுமென்று விரும்பினார்கள். பருமனும் நெட்டையும் குட்டையுமான பார்பிகள் 2016-ல்தான் கடைக்கு வந்தன. செம்மரத்தில் கடைந்த நம் மரப்பாச்சிக்கு ஆடையுடுத்தி விளையாடிய பாட்டிமாருக்கு இத்தகைய பாடம் போதிக்கப்படவில்லை.

பொம்மை விட்ட இடத்தில் விளம்பரம் தொடங்குகிறது. 1975-ல் ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனி ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் களிம்பை நம் நாட்டில் விற்கத் தொடங்கியது. மகன் இல்லையே என்று தகப்பன் ஏங்குகிறான். மகள் களிம்பைப் பூசி நிறம் வெளுத்து, விமானப் பணிப்பெண் வேலை பெற்றுக் குடும்பத்தைக் காக்கிறாள் என்று ஒரு விளம்பரம் கதை சொல்லிற்று. படிப்பாலன்று, திறமையாலன்று, வெளுப்பால் வேலை! அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் முறையிட்டது. 2003-ல் மத்திய சர்க்கார் தலையிட அவ்விளம்பரம் நின்றது. 2020-ல் களிம்பின் பெயர் ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று மாறியது. பெயர்ப்பலகை மாறியதே தவிர, கடை மூடப்படவில்லை.

விளம்பரமாவது சிறிது நேரத்தில் முடிந்துவிடும். காட்சிகள் ஓயாது வீட்டுக்குள் வந்தால் என்ன நேரும் என்பதற்கு பிஜித் தீவு சாட்சி. நல்ல தேகப்புஷ்டியையே அழகென்று கொண்ட அங்குள்ள நட்ரோகா பகுதிக்கு 1995-ல் டெலிவிஷன் வந்தது. மெலிவதற்காக உண்டதை வாந்தியெடுக்கும் வழக்கம் அவ்வாண்டு விசாரிக்கப்பட்ட பள்ளிச் சிறுமிகளிடம் அறவே இல்லை. 1998-ல் விசாரிக்கப்பட்டவர்களில் 100-க்கு 11 பேரிடம் இருந்தது. இன்று டெலிவிஷனைக் கடந்து கைப்பேசி வந்துவிட்டது. இன்ஸ்டாகிராம், பருவப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு உடலைப்பற்றிய மனக்குறையை அதிகமாக்குகிறது என்று அதை நடத்தும் கம்பெனியின் உள் ஆராய்ச்சியே கூறியது 2021-ல் அம்பலமாயிற்று. அறிந்தே நடத்தப்படும் வியாபாரம் இது.

இத்தனையும் மேனாட்டிலிருந்து வந்த தீமை என்று பழியை அங்கே போட்டுவிட்டு நாம் உறங்கலாமா? சங்கப் புலவர்கள் தலைவியின் மாந்தளிர் போன்ற மேனியை மாமை என்று போற்றினர். அவள் நிறம் வெளிறுவதைப் பசலை என்று பெயரிட்டுப் பிரிவின் நோயாகப் பாடினர். அவர்கள் நோயென்றதை நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். கண்ணனையும் காளியையும் கருநிறத்திலே வணங்குகிற நாமே, மணமகள் தேவை விளம்பரத்தில் ‘சிவந்த நிறம்’ என்று அச்சிடுகிறோம். மேடையில் சமத்துவம் பேசும் நம் நண்பர்கள், மகனுக்குப் பெண் பார்க்கப் போனால் முதலில் என்ன கேட்கிறார்கள்? நிறம் குறைந்ததென்று வரதட்சிணையை ஏற்றுகிற வழக்கமும் நம்முடையதுதான். களிம்பு வியாபாரி இந்நோயை உண்டாக்கவில்லை. நோயைக் கண்டான், கடை வைத்தான்.

சட்டம் சிறிதும் இல்லையென்று சொல்லமுடியாது. கருத்த மேனியரை அழகற்றவராகவும் துயருறுவோராகவும் காட்டலாகாதென்று விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2014-ல் விதி செய்தது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2022-ல் வெளியான விதிமுறைகள், குழந்தைகளுக்குத் தங்கள் உடலைப்பற்றித் தாழ்வெண்ணம் உண்டாக்கும் விளம்பரம் கூடாதென்கின்றன. பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க அச்சட்டத்தில் அதிகாரம் உண்டு. 1954-ஆம் ஆண்டு மருந்து மாய சிகிச்சை விளம்பரச் சட்டத்தின் தடைப் பட்டியலில் மேனியை வெளுப்பாக்குவதையும் சேர்க்க 2020 பிப்ரவரியில் சர்க்கார் திருத்த வரைவு வெளியிட்டது. வரைவு சட்டமாகவேண்டும், இருக்கும் விதி ஏட்டிலிருந்து இறங்கி நடக்கவேண்டும். முறையிடுவோர் இல்லாத விதி உறங்கும் விதியே.

ஆனால் சட்டம் தடுக்குமேயன்றித் தன்மதிப்பைத் தராது. அதைத் தரும் வழியைப் புதுக்கோட்டைச் சீமை முன்பே காட்டியிருக்கிறது. குளத்தூரில் 1826-ல் பிறந்த மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை, 1869-ல் ‘பெண்மதி மாலை’ இயற்றிப் பெண்ணின் அறிவை முன்வைத்தார். புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா காலேஜில் நுழைந்து, 1912-ல் டாக்டரானார். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது இந்த ஜில்லாவின் கிராமப் பெண்கள், வயலில் உழைப்போரும் கல்லுடைப்போரும், பல்லாயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பரிகசித்தவர்கள் இருந்தார்கள், பெண்கள் இறங்கவில்லை. கால் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று கண்டவளுக்கு, அது பிறர் கண்ணுக்கு எப்படித் தோன்றுகிறதென்ற கவலை குறைகிறது.

ஆகவே, நம் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. குளத்தூர் தாலுகாவின் ஒவ்வொரு பள்ளியிலும் பெண்கள் ஓடவும் ஆடவும் மைதானமும் பந்தும் உண்டா என்று பாருங்கள். இல்லையெனில் கிராமசபையில் கேளுங்கள். தாழ்வெண்ணம் விதைக்கும் விளம்பரத்தைக் கண்டால் நுகர்வோர் அதிகாரிகளுக்கு எழுதுங்கள். ‘கறுப்பி’ என்று குழந்தையை ஏளனமாய் அழைக்கும் வாயை உங்கள் வீட்டிலேயே அடக்குங்கள். அடுத்த வரன் பேசும்போது நிறத்தைக் கேளாதிருங்கள். கடைசியாகச் சொன்னதற்குச் சட்டமும் வேண்டாம், பணமும் வேண்டாம். ஆண்மக்களுக்கு நெஞ்சில் உரம் இருந்தால் போதும்.